திரை மூடிய கேரவன்

அன்புள்ள லோரெட்டா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? மூன்று நாள் ஆலோசித்து ஒரு மாபெரும் முடிவெடுத்தேன்: இந்தக் கிழங்கு அறுவடைக்குக் காரும் மோட்டலும் வேண்டாம், படுத்துறங்க வசதியுள்ள கேரவன் வண்டியே போதும். மோட்டலில் தினமும் பணிப்பெண் கதவைத் தட்டி எழுப்புவாள். இங்கே அறுவடை முகாமில் வண்டியின் திரை மூடியிருந்தால் யாரும் தட்டமாட்டார்கள். அதுதான் முகாம் மரியாதை.

இரவுக் குளிருக்குக் கேஸ் ஹீட்டர் போட்டாலே நச்சுவாயு அலாரம் கத்துகிறது.

"யோவ் மெர்ல், சும்மாவா கத்தும்? பாருய்யா!" என்றான் பக்கத்து வண்டி டுவெய்ன்.

"உன் குறட்டைக்குத்தான் கத்துது, போய்யா!" என்றேன்.

அலாரத்தின் பேட்டரியைக் கழற்றி ரேடியோவில் போட்டேன். பேச்சுத் துணையாயிற்று.

தலைவலி மாத்திரை அனுப்பு, பெரிய டப்பாவாக. காலையில்தான் வலி அதிகம். கடிதமும் கொஞ்சம் நீளமாக எழுது.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் மெர்ல்

பி.கு.: டுவெய்ன் நேற்று ஊருக்குப் போய்விட்டான். குளிருக்காகத் திரைகளை ஆணியடித்து மூடிவிட்டேன்.