முதலில் கையெழுத்து, பிறகு சீல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். உன் மகள் கணக்கில் ஒருவழியாகத் தேறிவிட்டாள். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, நீ வந்துதான் பார்க்க வேண்டுமாம்.

போன வாரம் போனில் ஒன்று கேட்டாய். தூக்கம் வராமலிருக்கப் போடும் அந்த மாத்திரை சிறுநீரில் எத்தனை நாள் தெரியும் என்று. உனக்கில்லை, கூட லாரி ஓட்டும் நண்பனுக்கு என்றாய். பதிலைக் கடிதத்தில் எழுதுகிறேன். போனில் என்றால் நடுவில் ஒரு ஜோக் அடித்து நழுவிவிடுவாய்.

முதலில் என் கதையைக் கேள். பஸ் டிப்போவில் டிரைவர்களிடம் சோதனைக்குச் சிறுநீர் வாங்கும் என் வேலைக்கு 'மூத்திர ஆபீசர்' என்று பட்டம் வைத்தவன் நீதான். ஆபீசர் செய்த காரியத்தைப் பார்.

விதி சின்னதுதான். ஒருவர் கொடுத்ததை அவர் கண்ணெதிரே குப்பியில் ஊற்றி மூடி, எண் போட்ட சீலை ஒட்ட வேண்டும். ஒட்டிய சீலின்மேல் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அது முடியும்வரை அடுத்த ஆள் உள்ளே வரக்கூடாது. சீல் ஏறும்வரை எல்லாக் குப்பியும் ஒன்றுபோலத்தானே இருக்கும்?

ஆனால் காலையில் முப்பது பேர், நான் ஒருத்தி. டைம் கீப்பர் கதவை இடித்து, "ஏம்மா, பஸ்ஸெல்லாம் கிளம்பணுமா, இல்ல இங்கயே வேர் விடணுமா?" என்பார். உருண்டைக் குப்பியில் பேனா வழுக்கும். அதனால் சீல் படிவத்தோடு ஒட்டித் தட்டையாக இருக்கும்போதே கையெழுத்தை வாங்கிவிடுவேன், அப்புறம் பிய்த்துக் குப்பியில் ஒட்டுவேன். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவளும் அப்படித்தான் செய்தாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. ஹாரன்காரர் என்று ஒரு டிரைவர், அவர் தொண்டையைக் கனைத்தால் தெருமுனை வரை கேட்கும். சீலில் கையெழுத்துப் போட்டுவிட்டார், சிறுநீர்தான் வரவில்லை. தண்ணீர் குடிக்கச் சொல்லி உட்காரவைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மேசையில் மூடிய குப்பி இரண்டு, கையெழுத்தான சீல் இரண்டு. கதவு இடிபட்டது. போய் டைம் கீப்பரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்து ஒட்டினேன். எந்தச் சீலை எந்தக் குப்பியில்? சரியாகத்தான் ஒட்டியிருப்பேன். ஆனால் சத்தியம் செய்யச் சொன்னால் என்னால் முடியாது.

ஹாரன்காரரின் சிறுநீரில் போதைப்பொருள் இருப்பதாக முடிவு வந்தது. மற்றவருக்கு ஒன்றுமில்லையாம். ஹாரன்காரரை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். அவர் என்னிடம் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். வந்தவர் மெதுவாகக் கேட்டார். "நீ சீல் வைக்கிறப்ப நான் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேம்மா. நீதான பாத்தே? நீ சரின்னா சரிதாம்மா." அதற்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

மேனேஜரிடம் போனேன். அவர் படிவத்தைத் தூக்கிக் காட்டி, "எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கு, எல்லாக் கையெழுத்தும் இருக்கு. உன் ஞாபகத்துக்கெல்லாம் லேப்ல டெஸ்ட் கிடையாது" என்றார். உண்மைதான். குப்பி யார் யார் கைக்கு மாறியது என்பதற்கு அத்தனை கையெழுத்து வாங்குகிறார்கள். நிறுத்திவைத்த மனிதன் எங்கே போய் நிற்பான் என்பதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. திரும்ப எடுத்துப் பார்ப்போம் என்றாலும் அன்றைய சிறுநீருக்கு எங்கே போவது?

அந்த இன்னொருவர் ஓட்டும் பஸ்ஸில்தான் தினமும் நான் வேலைக்குப் போகிறேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பாவம், அவர் ஒரு தப்பும் செய்யாதவராக இருக்கலாம். ஆனாலும் வளைவு வரும்போதெல்லாம் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

மேனேஜரிடம் போன அன்றைக்கே இதை உன்னிடம் போனில் சொன்னேன். "பேப்பர் சரியா இருந்தா வாயை மூடிக்கிட்டு இரு" என்றாய். நீயும் ஒரு டிரைவர்தானே அண்ணா? வாயை மூடவில்லை. நடந்ததை எழுதி டிப்போ அலுவலகத்தில் நேற்றுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை ஹாரன்காரருக்கு விசாரணை, நானும் போகிறேன். அதற்கு மறுநாளிலிருந்து எனக்கு அங்கே வேலை இருக்காது, மேனேஜர் இன்றைக்கே சொல்லிவிட்டார். அம்மாவிடம் மூச்சு விடாதே.

இப்போது உன் நண்பனுக்குப் பதில். எத்தனை நாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லமாட்டேன். சோதனைக்குப் போனால், சீல் ஒட்டிய பிறகே கையெழுத்துப் போடச் சொல். எதிரில் உட்கார்ந்திருப்பவள் நானாகவே இருந்தாலும் நம்பக்கூடாது என்று சொல். ஆனால் அவனை உன் லாரியில் வைத்துக்கொள்ளாதே அண்ணா. வழியில் எங்காவது இறக்கிவிடு. கண் சொக்கினால் ஓரங்கட்டித் தூங்கு, சரக்கு தாமதமாகப் போனால் போகட்டும். அவனை விட்டுவிட்டு நீ மட்டும் நல்லபடியாக வீடு வந்து சேர்.

குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

இன்னும் மூன்று நாளைக்கு மட்டும் மூத்திர ஆபீசரான
உன் தங்கை