எகிப்துக் கோயில் போன இடம்

அன்புள்ள மாப்பிள்ளை,

இங்கே கடையிலும் வீட்டிலும் எல்லாரும் சுகம். உன் சுகத்தை உன் மகள் போனில் சொல்கிறாள். வலது கை இன்னும் மடியிலேயே கிடக்கிறதாம். பயிற்சி சொல்லித்தர வருகிறவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுகிறாயாம். திட்டுவதற்காக எழுதவில்லை. விஷயம் வேறு.

"எல்லாத்தையும் வித்துடு" என்று சொல்லி மகளோடு ஊர் மாறிப் போனாயே, அதில் நீ வரைந்த எகிப்துக் கோயில் படம் விலைபோய்விட்டது.

என் படச்சட்டக் கடைச் சுவரில் மாட்டியதிலிருந்து நிறையப் பேர் பார்த்தார்கள். ஓர் அம்மாள் சோபா உறையைக் கையோடு கொண்டுவந்து, நிறம் ஒத்துவருகிறதா என்று படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். ஒத்துவரவில்லை. புதுவீடு கட்டிய ஒருவர், இடிந்த கோயிலை மாட்டினால் வீட்டுக்கு ஆகுமோ ஆகாதோ என்று யோசித்து, ரோஜாப்பூ படத்தை வாங்கிப் போனார். நீ கூரையையாவது போட்டிருக்கலாம் என்று எனக்கே தோன்றியது.

கடைசியில் வந்தது ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கூடம் நடத்தும் பெண். பக்கவாதம் வந்தவர்களை மறுபடி நடக்கவைக்கிற வேலை. படத்தில் இருக்கும் கோயில் தூண்களையே ரொம்ப நேரம் பார்த்தாள். "மேல பாதி போயிடுச்சு. ஆனாலும் நிக்குதில்ல" என்றாள். அவள் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

மாட்டுவதற்கு நானே போனேன். நீளமான கூடம், பிடித்து நடக்க இரண்டு பக்கமும் கம்பிகள். அவை முடிகிற இடத்துச் சுவரில் ஆணி அடித்தேன். அங்கே சக்கர நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். உன்னைப்போலவே ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பிடிவாதமும் உன்னைப்போலவே. வந்த நாளிலிருந்து கம்பியைத் தொடவில்லையாம். படத்தை முறைத்துக்கொண்டிருந்தவர், தூணடியில் கறுப்பாக இருப்பது ஆளா கல்லா என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று முணுமுணுத்தார். அந்தப் பெண் கம்பியைக் காட்டினாள்.

எழுந்தார், மாப்பிள்ளை. வேர்த்து ஊற்ற, காலை இழுத்து இழுத்து, கொஞ்ச தூரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. அடிக்கடி போய்ப் பார்த்தேன். நேற்றுச் சுவர்வரை வந்துவிட்டார். மூக்கு படத்தில் இடிக்கிற மாதிரி நின்று பார்த்தார்.

"கிட்ட வந்தா வெறும் பெயிண்டாத்தான் இருக்கு. வரைஞ்சவரு எங்க?" என்று கேட்டார்.

ஊரில் இல்லை, வந்ததும் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புத்தான். ஆனால் ஆளா கல்லா என்பது உனக்குத்தானே தெரியும்?

அவர் வீட்டுக்குப் போவதற்குள் ஒரு நடை வந்து சொல்லிவிட்டுப் போ. நாற்காலியில் வந்தாலும் சரி, தள்ளுவதற்கு நான் இருக்கிறேன். உன் கை நன்றாக இருக்கட்டும்.

உன் படங்களுக்குச் சட்டம் போட்டேன்,
உனக்குப் போடத் தெரியவில்லை.

உன் நண்பன்