லீவில் போன சிப்பாய்

என் அருமைப் பொய்க்கார மச்சானுக்கு,

உனக்கு ஒரு நல்ல சேதி. நேற்றுச் சனிக்கிழமை உன் வசந்தி படம் பார்க்க வந்தாள். நீ எங்களை விட்டுப் போனபிறகு என் தங்கச்சி லாசால் பக்கம் வந்து எங்கள் வீட்டுப் படி மிதித்தது இதுதான் முதல் தரம். "சும்மா எட்டிப் பாத்திட்டுப் போறன்" என்றுதான் சொன்னாள். ஆனால் மகளையும் கூட்டிக்கொண்டு மெற்றோவும் பஸ்ஸும் மாறி, ஒரு சட்டி வடையோடு வந்திருந்தாள்.

சனிக்கிழமைப் படம் உன் ராச்சியமல்லவா? எந்த நாட்டுப் படத்தைப் போட்டாலும் சத்தத்தைக் குறைத்துவிட்டு நீயே தமிழில் கதைப்பாய். போர்ப் படம் என்றால் ஒருவரும் சாகக்கூடாது என்பது உன் சட்டம். விழுந்தவனுக்கு முழங்கால் வலி என்பாய். காணாமல் போனவன் லீவில் வீட்டுக்குப் போய்விட்டான் என்பாய். திரையின் அடியில் ஓடும் பிரெஞ்சு எழுத்தை வாசிக்கிற உன் மகள் நிலா, "அப்பா, அப்பிடி எழுதேல்லை" என்று ஒவ்வொரு முறையும் காட்டிக்கொடுப்பாள். சண்டை நடந்த ஊரிலிருந்து வந்த நாங்களெல்லாம் உன் பக்கம்தான்.

நேற்று ஸ்பானியப் படம். தெரிந்தெடுத்த வீரர்களைக் கொண்ட காலாட்படைப் பிரிவு ஒன்று பாலைவனத்தில் மாட்டிக்கொள்கிறது. உனக்காவது ஸ்பானிய மொழியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தெரியும், நீ சமைத்த ரெஸ்ரோறண்ட் குசினியில் பொறுக்கியது. எனக்கு அதுவும் தெரியாது. ஆனாலும் உன் நாற்காலியில் இருந்து கதைக்கத் தொடங்கினேன். கப்டனைக் கொண்டு வெயிலைப் பற்றி ஏதோ சொல்லவைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வராத வேலை, என்ன செய்ய?

பிறகு சண்டை முடிந்து கப்டன் பெயர் கூப்பிடும் இடம் வந்தது. ஒரு பெயருக்குப் பதில் வரவில்லை. அவர் திரும்பவும் கூப்பிட்டார். வசந்தியைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. இவளை ஏன் வரச்சொன்னேன் என்று என்னையே நொந்துகொண்டேன்.

"என்ன அண்ணை, பேசாமல் இருக்கிறியள்?" என்றாள் வசந்தி. "அந்தப் பெடியன் லீவிலை வீட்டை போயிட்டான். கப்டனுக்குத்தான் மறதி."

எல்லோரும் நிலாவைப் பார்த்தோம். அவள் திரையில் இருந்ததை ஆறுதலாக வாசித்தாள்.

"ஓம் அம்மா, அப்பிடித்தான் எழுதியிருக்கு."

வசந்தி சிரித்தாள், மச்சான். வடைச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் எழும்பி உன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். மிச்சப் படம் முழுக்க அவள்தான் கதைத்தாள். அந்தக் கப்டனுக்கு அவள் கொடுத்த வசனங்களைக் கேட்டிருந்தால் உனக்கே பொறாமை வந்திருக்கும். எனக்கு நேற்றைக்கு இருந்த சந்தோசத்தை வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

வாற சனிக்கிழமையும் படம் உண்டு. எங்கள் வீட்டில் இனியும் ஒரு சிப்பாயும் சாகமாட்டான், அது என் பொறுப்பு. யாராவது உன் பெயரைக் கூப்பிட்டாலும் எங்களிடம் அந்தப் பதில்தான் இருக்கிறது: லீவில் வீட்டுக்குப் போய்விட்டான்.

என்றும் உன் கட்சியில் நிற்கும்,
வசந்தியின் அண்ணன், உன் மச்சான்.