பத்துப் பெயர்

மார்ச் 9, 1992

இன்று சொல்லாமல் விட்டது: எனக்குக் கம்ப்யூட்டர் பாடம் வேண்டாம்.

சாப்பிடும்போது அம்மாதான் பேச்சை எடுத்தாள். சிவகாசி மாப்பிள்ளை வீட்டார் கம்ப்யூட்டர் சென்டர் தொடங்கியிருக்கிறார்களாம். அதைப் பார்த்துக்கொள்ளப் படித்த மருமகள் வேண்டுமாம். "கடைசி வருசத்துல கம்ப்யூட்டராப் பாத்து எடுத்துரு வேலு. அவியளே சொல்லி விட்டுருக்காவ."

"எடுப்பா அவ" என்றான் அண்ணன். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ரசத்தைப் பார்த்துச் சொன்னான். அப்பா எப்போதும்போல ரேடியோவுக்குக் காது கொடுத்திருந்தார். நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

மார்ச் 10

எலக்ட்ரிகல் துறைத் தலைவர் சௌந்தரபாண்டியன் சார் வகுப்பில் விளக்கினார். ஏழாம் செமஸ்டரில் ஒரு விருப்பப் பாடம், எட்டாவதில் ஒன்று. ஏழில் மின் பாதுகாப்பு, அதாவது புரொடெக்‌ஷன் படித்தவர்கள்தான் எட்டில் ஹை வோல்டேஜ் எடுக்கலாம். கம்ப்யூட்டர் பாடங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எப்போது வேண்டுமானாலும் சேரலாம். எந்தப் பாடத்துக்கும் பத்துப் பேராவது பெயர் கொடுக்க வேண்டும். சேராவிட்டால் பாடம் கிடையாது. கொடுத்தவர்களையும் கம்ப்யூட்டரில் தள்ளிவிடுவார்கள். போன வருடம் புரொடெக்‌ஷன் நடக்கவில்லை. இருபதாம் தேதி கடைசி.

புரொடெக்‌ஷனுக்கு உயிரான ரிலே என்ற பொருளை முதல் முறை பார்த்த நாளிலிருந்தே எனக்கு அதன்மேல் ஒரு கிறுக்கு. வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். லைனில் எங்கோ பழுது விழுந்த கணத்தில், யாரையும் கேட்காமல் கரண்டை வெட்டிவிட வேண்டும். வேண்டாத நேரத்தில் வெட்டினால் குற்றம். வெட்டாமல் இருந்தாலும் குற்றம். படித்த எந்த நாவலிலும் இப்படி ஒரு பாத்திரத்தை நான் சந்தித்ததில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

பாடத்தின்மேல் ஆசையா, சிவகாசியை நினைத்துப் பயமா? இரண்டும்தான். பொய் எழுதி என்ன பயன்.

மார்ச் 13

ஏழு பெயர் சேர்ந்துவிட்டது!

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். ரிஜிஸ்டர் ஆபீஸ் சுவரோரம்தான் கொஞ்சம் நிழல். பெண்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர்தான் வேண்டுமாம்; அங்கே நின்று வகுப்புப் பையன்களிடம் கேட்டேன். மூன்று வருடத்தில் அவர்களோடு நான் பேசியது மொத்தம் ஒரு பக்கம்கூட வராது. மம்சாபுரத்துச் சிவனாண்டி, வகுப்பில் முதல் மாணவன், தாளை வாங்கி நண்பன் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். "கையெழுத்து போதுமா, கைநாட்டும் வைக்கணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். அவன் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள்.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் கருத்தையா, அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம், அங்கிருந்தே கூப்பிட்டார்: "என்ன தாயி, வக்கீலம்மா ஆயிட்டியா?" நானும் சிரித்துத் தலையாட்டினேன்.

மார்ச் 14

வலது கை நன்றாக இருக்கிறது. எழுத முடிகிறது. வேறொன்றும் எழுத முடியவில்லை.

மார்ச் 15

முடிந்தவரை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் முன்னால் ஒரு பெண், கையில் தாள், சுற்றிப் பையன்கள், ஒவ்வொருவராகக் கையெழுத்து. இந்த ஊர்ப்பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். கருத்தையா அண்ணனுக்கு ஆள் விட்டிருக்கிறார்: "உன் தங்கச்சி ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்குதா. மொதக் கையெழுத்து மம்சாபுரத்தான்."

அண்ணன் நேற்று முதலில் வீட்டுக்கு வரவில்லை. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மம்சாபுரம் ரோடு பிரியும் விலக்குக்குப் போயிருக்கிறான். சைக்கிள் செயின். வீட்டுக்குள் நுழையும்போது அவன் சட்டையில் இருந்தது சிவனாண்டியின் ரத்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அண்ணனுக்குத்தான் அடிபட்டிருக்கிறது என்று நினைத்து "ஐயோ அண்ணே" என்று எழுந்தேன்.

"அவனுக்குக் குடுத்தாச்சு. இப்ப ஒனக்கு."

சடையைக் கையில் சுற்றிக்கொண்டான். கதவு நிலையில் முகம் மோதியது. பல் உதட்டுக்குள் இறங்கியது. பிறகு பெல்ட். "எந்தத் தெருக்காரன் தெரியுமாட்டி அவன்? என்னைக்கு ஏட்டி தேதி?" எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியதும் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். அண்ணே, பாடம். பாடத்துக்குத்தான். இங்க பாரு, சார் பேரு போட்டிருக்கு பாரு, அண்ணே பாரு...

வாசித்தான். நிதானமாக, மேலிருந்து கீழ்வரை. "புரொடெக்‌ஷன்" என்றான். "இப்ப வரச் சொல்லு ஒன் புரொடெக்‌ஷன." தாளை நாலாகக் கிழித்தான். அதன் பிறகும் அடித்தான்.

அம்மா ஒவ்வொரு சன்னலாகச் சாத்திக்கொண்டு போனாள். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். பருத்திக்கு மருந்து அடிக்கும் முறை பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார்.

உண்மை தெரிந்தபிறகும் நிறுத்தவில்லை. இந்த ஒன்றைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கோபம் என்றால் காரணம் போனதும் போக வேண்டாமா? அப்படியானால் அது கோபமே இல்லை. வேறு என்ன?

மார்ச் 16

காலேஜ் கிடையாதாம். பரீட்சை மட்டும் எழுதலாமாம். அறைக்கு வெளியே பூட்டு.

மார்ச் 17

மாஜிதா வந்தாள். ஹாஸ்டலில் இருக்கும் என் வகுப்புத் தோழி. அண்ணன் வெளியே போயிருந்ததால் அம்மா கதவைத் திறந்துவிட்டாள். "செத்த நேரந்தான் தாயி. பேசிட்டு வெரசாப் போயிரு."

என் முகத்தைப் பார்த்ததும் அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். சிவனாண்டி மதுரை ஆஸ்பத்திரியில். இடது காதிலிருந்து ரத்தம் நிற்கவில்லையாம். மற்ற பையன்கள் சாரிடம் போய்க் கம்ப்யூட்டருக்கே பெயர் கொடுத்துவிட்டார்கள்.

"அவனுவளக் குத்தஞ்சொல்ல முடியாது வேலு. ஒரு கையெழுத்துக்கு ஒரு காதுன்னா யாரு போடுவா?"

மார்ச் 18

அண்ணனைக் கொல்லப் பார்த்தேன் என்கிறாள் அம்மா. பார்த்தேனா?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்னை வெளியே விட்டிருந்தார்கள். மாஜிதா வந்துபோனது அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படிக்கு வந்து, "எவளக் கேட்டு உள்ள விட்ட?" என்று அம்மாவை அறைந்தான். அம்மாவை. அவள் அம்மிமேல் போய் விழுந்தாள்.

தோசைக்கல் அடுப்பில் இருந்தது. துணி பிடிக்காமல் காம்பைப் பிடித்துத் தூக்கியிருக்கிறேன். என் உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது; விரல் நுனியால்தான் எழுதுகிறேன். அவன் கையைக் குறுக்கே நீட்டினான். மணிக்கட்டு முறிந்த சத்தம் விறகு ஒடிகிற மாதிரி இருந்தது. கீழே உட்கார்ந்துவிட்டான். "ஏட்டி வேண்டாம்" என்றான். தெளிவாகக் கேட்டது. இன்னொரு அடி அடித்தேன். தோளில். சட்டை தீய்ந்த வாசம், அதற்கடியில் வேறொரு வாசம்.

முதல் அடி அம்மாவுக்காக. இரண்டாவது யாருக்காக? நிறுத்தியிருக்கலாம். காரணம் போய்விட்டிருந்தது. மூன்று நாள் முன்னால் அவனைப் பற்றி எழுதினேனே, அது கோபமே இல்லை என்று. அது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். சுகமாக இருந்தது.

அம்மா எழுந்து வந்து என்னைத்தான் அறைந்தாள். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பேயா நீ, பேயா பெத்து வச்சிருக்கேன்" என்று அழுதாள்.

மார்ச் 19

காலையில் அப்பா ரேடியோ போடவில்லை. என் துணிகளை அவரே பெட்டியில் வைத்தார்.

"ஹாஸ்டலுக்குப் போயிரு. ஒரு வீட்டுல ரெண்டு பேரும் இருந்தா ஒரு பொணம் விழும்."

"அண்ணன் என்னை அடிச்சன்னைக்கு இது ஏம்ப்பா தோணல?"

பெட்டியைப் பூட்டினார். "சிவகாசிக்காரவ நேத்தே சொல்லி விட்டுட்டாவ. கருத்தையா வாய் சும்மா இருக்குமா? வேண்டாமாம்" என்றார். பஸ் ஸ்டாண்டு வரை பெட்டியைத் தூக்கிவந்தார். வழியெல்லாம் நாலு எட்டு முன்னாலேயே நடந்தார். என்னைப் பார்க்கப் பயப்படுகிறார் என்று பஸ் கிளம்பிய பிறகுதான் புரிந்தது.

மார்ச் 20

மாஜிதாவின் அறையில் எழுதுகிறேன். கையில் கட்டு, எழுத்து கோணுகிறது.

நான் கேட்கவில்லை. இனி யாரிடமும் கையெழுத்துக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மாஜிதாதான் காலையில் ஒரு புதுத் தாளை எடுத்துத் தன் பெயரை எழுதினாள்.

"உனக்குக் கம்ப்யூட்டர்தானே பிடிக்கும்?" என்றேன்.

"எட்டாவது செமஸ்டர்ல எடுத்துக்கிட்டாப் போச்சு. அது எங்கயும் ஓடிப் போகாது. வாப்பா கேட்டா கரண்டுப் படிப்புன்னு சொல்லிக்கிடுதேன்." பிறகு தாளோடு மற்ற பெண்களிடம் போனாள். "பொட்டப் பிள்ளைக கையெழுத்துப் போட்டா எவன்ட்டி செயினத் தூக்கிட்டு வருவான்?"

வகுப்பில் என்னையும் சேர்த்துப் பெண்கள் பதினோரு பேர். ஒருத்தி மாட்டேன் என்றாள். தன் வீட்டிலும் அண்ணன் உண்டு என்றாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

சௌந்தரபாண்டியன் சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளைக மட்டுமா? சுவிட்ச்கியர் புரொடெக்‌ஷனுக்கா?" என் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 8

சிவனாண்டி வந்துவிட்டான். லேப் வாசலில் நின்றிருந்தான். தலையில் தையல், அந்த இடத்தில் முடி இல்லை. இருபது நாளாக மனத்துக்குள் எழுதி வைத்திருந்த வாக்கியங்களோடு அருகில் போனேன்.

"அங்கயே நில்லு" என்றான். "எங்கூட நின்னு பேசாத. நீ பேசினா எனக்குத்தான் விழும்."

நின்றுவிட்டேன்.

"எங்க அம்மா போலீசுக்குப் போகலாம்னுச்சு. எங்க தெருவுல வேண்டாம்னுட்டாவ. ஒன் அண்ணனப் பதிலுக்கு நீயே அடிச்சியாமே?"

"ஆமா."

"எனக்காக அடிச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சின்னப் பொய்தான், அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவனே தலையசைத்துவிட்டு உள்ளே போனான்.

ஜூன் 2

அம்மாவின் கடிதம். அண்ணனுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. விரல் மூன்று மடங்கவில்லை. லீவுக்கு வர வேண்டாம்.

ஜூலை 6

ஏழாம் செமஸ்டர் தொடங்கியது. புரொடெக்‌ஷன் முதல் வகுப்பு, பத்துப் பேரும் வந்திருந்தோம். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் வகுப்பு. எப்போதும் கடைசி பெஞ்சில் உட்காரும் சிவனாண்டி, இப்போது முதல் பெஞ்சில், சாருக்கு வலது காதைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான்.