மூன்றாம் காம்பராவுக்கு வந்த கடிதம்

பழைய கோப்பைத் திறந்ததும் ஈரக் காகிதத்தின் வாடை வந்தது. உள்ளே என் சுயவிபரக் கோவையின் முதல் பிரதி. ஓரமெல்லாம் உன் பச்சை மை. அதே ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கு மறுபடியும் ஆள் கேட்டிருக்கிறார்கள். இந்த முறையும் எல்லாம் பதிவுத் தபாலில்தான்.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும் ரயிலுக்காக வட்டகொடை ஸ்டேஷனில் காத்திருந்தபோது நீ இதைத் திருத்தினாய். இருவரும் முதுகலை கடைசி வருடம். ஒரே வேலைக்குத்தான் இருவரும் விண்ணப்பித்தோம். போட்டிக்கு நிற்பவள் என் தாளை இவ்வளவு அக்கறையாகத் திருத்துகிறாளே என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

‘கடின உழைப்பும் அர்ப்பணிப்பும் உடையவள்’ என்று எழுதியிருந்தேன். வெட்டினாய்.

“இத எல்லாரும் எழுதுவாங்க புள்ள. நீ என்னா செஞ்ச? ஒரு வருசமா மழையில நின்னு, சரிவுல கரைஞ்சு வர்ற மண்ண அளந்தியே, அத எழுது.”

பிறகு விலாசத்துக்கு வந்தாய். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்து படித்தவர்கள் பலரையும் போல நானும் ஹட்டனில் ஒரு பலசரக்குக் கடையின் விலாசத்தைக் கொடுத்திருந்தேன். நாங்கள் குடியிருக்கும் ஒற்றையறை வரிசை வீடுகளான லயத்துக்கு எழுதும் கடிதங்கள் தோட்ட ஆபீசில் கட்டாகக் கிடக்கும். யாராவது நினைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு.

“கடையிலயாடி பொறந்த? கருவாட்டுக்கும் பருப்பு மூட்டைக்கும் நடுவுலயா?”

“இன்டர்வியூ முடிஞ்சப்பறம் கடுதாசி வந்தா என்னா செய்வ?” என்றேன்.

“வந்தா வரட்டும். நாம எங்க இருக்கோம்னு அவங்களுக்கும் தெரியட்டுமே.”

உன் படிவத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாய்: மேற்பிரிவு, ஏழாம் நம்பர் லயம், மூன்றாம் காம்பரா. நான் கடை விலாசத்தை மாற்றவில்லை.

எனக்கு அழைப்பு வந்தது. நீ ஒன்றும் சொல்லாததால் உன்னைத் தெரிவு செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உன் மனம் நோகக் கூடாதென்று, உன்னிடம் சொல்லாமலே நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தேன். நான்கு நாள் கழித்து உனக்கான அழைப்புக் கடிதம் மூன்றாம் காம்பராவுக்கு வந்து சேர்ந்தது. அதிலும் அதே தேதி, அதே நேரம்.

“சொல்லியிருக்கலாம்ல” என்றாய். அவ்வளவுதான். பிறகு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, “என்னா கேட்டாங்க, சொல்லு. அடுத்த தடவைக்கு ஆவும்” என்றாய்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ஆபீசுக்குப் போய்க் கேட்டிருப்பாய். கடிதம் அங்கேதான் இருந்தது. அந்த மழைக்காலத்திலேயே உனக்குக் காய்ச்சல் வந்தது. ஒரே வாரம்தான். நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வரவில்லை. வேலை எனக்கும் கிடைக்கவில்லை.

இந்த முறை உழைப்பு, அர்ப்பணிப்பு எதையும் எழுதவில்லை. மண்ணை எப்படி அளந்தேன் என்று எழுதினேன். விலாசத்தில் ஏழாம் நம்பர் லயம், ஐந்தாம் காம்பரா. அனுப்பிய மறுவாரத்திலிருந்து தினமும் காலையில் ஆபீஸ் ஜன்னலில் போய் நிற்கிறேன். கிளாக்கர் ஐயாவுக்கு என் முகம் பழகிவிட்டது.

நேற்று வாய் தவறி, “எங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் வந்திருக்குங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் கடிதக் கட்டை அவிழ்த்து, ஒவ்வொன்றாகக் கடைசிவரை பார்த்தார்.

“ரெண்டு பேருக்கும் இல்லம்மா” என்றார்.