மண்ணீரலுக்கு ஒரு சிபாரிசு

மார்ச் 3

மதிப்பிற்குரிய வீட்டுக்காரருக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வழியில்லை. நான் நலமாக இல்லை. பிரிந்து இரண்டு வருஷம் ஆனாலும் இதை மூன்றாம் மனிதர் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது.

முதுகுவலி என்று ஸ்கேன் எடுத்ததில், என் கணையத்தின் வால் பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. கணையத்துக்கும் வால் உண்டாம்! நாள் முழுக்க நாய்க் காப்பகத்தில் வாலோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு இது வேறு. புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை, ஆனால் வளரவிடக் கூடாது என்கிறார்கள். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் நாலைந்து துளை போட்டு, கேமரா விட்டு எடுப்பார்களாம். பக்கத்திலேயே மண்ணீரல். அதற்குப் போகும் ரத்தக்குழாய் அந்த வாலோடு ஒட்டிக்கொண்டுதான் போகிறது. குழாயை நோகாமல் பிரிப்பது சள்ளை பிடித்த வேலை, சேர்த்தே எடுத்துவிட்டால் சீக்கிரம் முடியும். டாக்டரம்மா என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "வீட்டோட இருக்கறவங்கதானே, மண்ணீரல் இல்லாமலும் நல்லா இருக்கலாம்மா" என்றார். இருந்த பதற்றத்தில் மண்டையை மண்டையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். இருபத்தேழாம் தேதி ஆபரேஷன்.

உங்கள் லிஃப்டுகள் ஒழுங்காக ஏறி இறங்குகின்றனவா?

இப்படிக்கு,
காகிதத்தில் இன்னும் உங்கள் மனைவி


மார்ச் 6

அன்புள்ள வாயாடிக்கு,

மொட்டை மாடி மோட்டார் அறையில் நின்றபடியே உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உடனே ஒன்று செய். டாக்டரிடம் போய் நீ நாய்களோடு வேலை பார்ப்பதைச் சொல்.

என்னோடு வேலை பார்க்கும் வயர்மேனுக்கு ஒரு விபத்தில் மண்ணீரல் போய்விட்டது. பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறார். காய்ச்சல் வந்தாலும் நாய் கடித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. மண்ணீரல் இல்லாதவர்களுக்கு நாய் எச்சிலில் இருக்கும் கிருமி உயிரையே எடுத்துவிடுமாம். உனக்கோ வாரத்துக்கு ஒரு கீறலாவது இல்லாமல் இருக்காது.

ஃபைலில் 'தொழில்' என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியது நான்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால், உன் பித்தப்பை ஆபரேஷனின்போது. அதைத்தான் அவர்கள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள். முதலில் போய்ச் சொல்.

லிஃப்ட்காரன்


மார்ச் 11

லிஃப்ட்காரருக்கு,

போய்ச் சொன்னேன். "ஏம்மா, இத முதல்லயே சொல்ல வேணாமா?" என்று டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது கணக்கே மாறிவிட்டது. எத்தனை மணி நேரம் ஆனாலும் மண்ணீரலைக் காப்பாற்றப் பார்ப்பாராம். உறுதி தர மாட்டாராம். ரத்தம் கட்டுக்கு அடங்காவிட்டால் உயிர்தான் முக்கியம், மண்ணீரலை எடுத்துவிடுவார்கள். அப்படி ஆனாலும் இருக்கட்டும் என்று இன்றைக்கே தடுப்பூசிகள் போட்டு அனுப்பினார்கள். அது போய்விட்டால் காப்பகத்தை நான் மறந்துவிட வேண்டியதுதான். இதை எழுதும்போதே அழுகை வருகிறது.

ஒன்று கேட்கிறேன், பதில் வேண்டும். என் வேலையைச் சொல்லிக்கொள்ள அவ்வளவு வெட்கமா உங்களுக்கு?

இல்லத்தரசி


மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

வெட்கம்தான், ஆனால் உன் வேலையால் இல்லை. எனக்கு நாய் என்றால் பயம், ஃபைலில் அந்த வார்த்தையை எழுதக்கூட மனசு வரவில்லை. சாதாரணப் பயம் இல்லை, உள்ளங்கை வேர்த்து, கால் பின்னிக்கொள்ளும் பயம். இருபதாவது மாடியில் லிஃப்ட் கூரைமேல் நின்று வேலை பார்க்கிறவன், ஒரு நாய்க்குட்டி முகர்ந்து பார்த்தால் நடுங்குகிறான் என்று கட்டிய மனைவியிடம் எப்படிச் சொல்வது? நீ ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கூட்டி வந்தாய். நாற்றம், முடி, அக்கம்பக்கத்தார் பேச்சு என்று ஏதேதோ சொல்லிச் சண்டை போட்டேன். கடைசியில் "நாயா, நானா?" என்று கேட்டது வெறும் வீராப்பு. நீ பதில் சொல்வதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இருபத்தேழாம் தேதி லீவு போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் இருப்பேன். பார்க்கப் பிடிக்காவிட்டால் மேலே வரமாட்டேன்.

பயந்தாங்கொள்ளி


ஏப்ரல் 9

என்னங்க,

அன்றைக்கு மயக்கத்தில் உங்களிடம் என்ன உளறினேனோ தெரியாது, அதனால் எழுதிவிடுகிறேன். ஐந்தரை மணி நேரம் பிடித்ததாம், ஆனால் மண்ணீரல் தப்பித்துவிட்டது. நேற்று ஸ்கேனில் ரத்த ஓட்டமும் நன்றாக இருந்தது. கட்டியும் சாது வகைதானாம். கணையம் கொஞ்சம் கசிந்ததால் பன்னிரண்டு நாள் வயிற்றில் குழாயோடு திரிந்தேன், நேற்று அதையும் உருவிவிட்டார்கள். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. பிறகு காப்பகத்துக்குப் போகலாம்.

படுத்துக்கிடந்தபோது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மட்டும் அந்த வயர்மேன் கதையை எழுதாமல் இருந்திருந்தால், மண்ணீரலோடு நாய்களும் என்னை விட்டுப் போயிருக்கும். அதற்காகத்தானே வீட்டைவிட்டே போனீர்கள்! சும்மா இருந்தாலே கிடைத்திருக்கும். நீங்கள் சும்மா இருக்கவில்லை. இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வீட்டில் இப்போது வாலோடு மூன்று பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரைக் காப்பகத்தில் விட ஏற்பாடு செய்துவிட்டேன். மூன்றாவது ஆள் கிழவன், வாயில் ஒரு பல் கிடையாது, பாதிப் பொழுது தூக்கம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அவனிலிருந்து ஆரம்பிப்போம்.

உங்கள்,
வாயாடி