சாப்பாட்டு மேசையில் புதுக் கூடை

என்னங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். உங்கள் புதுப் புத்தகத்தைப் பற்றிப் பேட்டி எடுக்க மாலையில் பத்திரிகைக்காரர் வருகிறார். "எங்கள் வீட்டில் செல்போன்களைக் கூடையில் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவோம், மனம்விட்டுப் பேசுவோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கூடையை அவர் கேட்பார். நம் வீட்டில் ஏது கூடை? இன்றுதான் ஒன்று வாங்கி மேசையில் வைத்தேன். விலைச் சீட்டைக் கிழித்துவிடுங்கள்.

ஊருக்குத்தான் உபதேசம். நேற்று நான் அழுதபோதுகூட நீங்கள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்த மகள், "இது யாரு வீடும்மா?" என்று கேட்டாள்.

அவளோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாவியையும் இந்தக் கடிதத்தையும் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறேன்.

பி.கு.: எனக்குப் போன் செய்யாதீர்கள். கூடைக்குள்தான் அடிக்கும். பேச வேண்டுமானால் நேரில் வாருங்கள், வெறுங்கையோடு.